இஞ்சின் போன வண்டி: சரிசெய்வதா, விற்பதா?

17 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

செங்குன்றம் தாண்டி காரனோடை வரைக்கும் போய்விட்டுத் திரும்பும்போது வண்டியின் சத்தம் மாறிவிட்டது. சீட்டுக்குப் பின்னால் ஒரு தட்டல். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே வேகமாகிறது. ஓரம் கட்டி அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தேன். நீலமாகப் புகை தள்ளியது. அதற்கு மேல் ஒரு அடிகூட ஓட்டவில்லை. வண்டியை ஏற்றிப் போகும் லாரியை வரவழைத்து மூலக்கடையில் மெக்கானிக் பாய் ஷெட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று.

தொடர்ந்து படிக்கப் போகிறவர்களுக்காக வண்டியைப் பற்றிக் கொஞ்சம். 2007 மாடல், ஜெர்மன் தயாரிப்பு, இரண்டே சீட், துணிக்கூரை. 3.4 லிட்டர் இஞ்சின், ஆறு சிலிண்டர். பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருக்கும். 295 குதிரைத்திறன். கோயம்புத்தூர்க்காரர் ஒருவரிடம் வாங்கியது. ராயபுரத்தில் இந்த வண்டி எதற்கு என்று கேட்காத ஆள் கிடையாது. எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் வைத்திருக்கிறேன்.

20 ஆகஸ்ட், புதன்

கஸ்டம் ஹவுஸ் வேலை முடிந்து மாலை நேராக ஷெட்டுக்குப் போனேன். பாய் ஆயிலை இறக்கி, ஃபில்டரைக் கழற்றி வைத்திருந்தார். இந்த இஞ்சினில் ஃபில்டர் காகித மடிப்பாக இருக்கும். அதை பிளேடால் அறுத்து ஒரு தட்டில் விரித்தார். டார்ச் அடித்ததும் மடிப்புக்கு மடிப்பு வெள்ளியாக மின்னியது. காந்தத்தை எடுத்து மேலே மெதுவாக ஓட்டினார். ஒன்றுகூட ஒட்டவில்லை.

“பேரிங் போயிருந்தா இரும்பு, ஒட்டிக்கும். இது அலுமினியம் தம்பி. சிலிண்டர் போர் போயிருக்கு.”

இந்த வரிசை இஞ்சின்களைப் பற்றிப் பேசினாலே எல்லாரும் பயப்படுவது உள்ளே இருக்கும் இடைத்தண்டின் பேரிங்கை நினைத்துத்தான். அது நொறுங்கினால் வால்வு திறந்து மூடும் டைமிங் தவறி பிஸ்டன் வால்வில் போய் இடிக்கும், இஞ்சின் மொத்தமும் போய்விடும். அந்தப் பயத்தோடுதான் நானும் போயிருந்தேன். அது இல்லை என்று ஆனதில் நிம்மதி. ஆனால் போர், அதாவது சிலிண்டரின் உட்சுவர், போனதும் சின்ன விஷயம் இல்லை.

வண்டியின் முன்பக்கம், பம்பருக்குள் இரண்டு மூலையிலும் ரேடியேட்டர். அங்கேயிருந்து கை நிறையச் சருகும் ஒரு பிளாஸ்டிக் கவரும் எடுத்துக் காட்டினார். அப்படி அடைத்துக்கொண்டால் இஞ்சின் சூடேறும். இந்த வகை வண்டி வைத்திருப்பவர்கள் வருடம் ஒருமுறையாவது அந்த இடத்தைத் திறந்து பாருங்கள்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

அப்பாவைக் கூட்டிப் போனேன். நைனா என்றுதான் கூப்பிடுவேன். எண்ணூரில் அசோக் லேலண்டில் இஞ்சின் அசெம்பிளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண் கொஞ்சம் மங்கல். காது இன்னும் கச்சிதம்.

ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாகப் பாய் கேமராவை உள்ளே விட்டார். ஒன்று முதல் ஐந்து வரை சிலிண்டர் சுவர் சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருந்தது. ஆறாவதில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல். நடுவில் விரல் அகலத்துக்குச் சுவரே வழிந்து இழுபட்ட மாதிரி ஒரு பட்டை. நைனா செல்போன் திரையைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“லைனரைத் தட்டி எடுத்துட்டுப் புதுசு போடு. இதுக்கா இவ்ளோ கவலை?”

லாரி இஞ்சினில் அப்படித்தான். சிலிண்டருக்குள் சுவராக இருக்கும் லைனர் என்ற குழாய் தனியாகக் கழலும். லைனரும் பிஸ்டனும் ரிங்கும் ஒரே செட்டாகக் கிடைக்கும், மாட்டிவிட்டால் இன்னும் சில லட்சம் கிலோமீட்டர் ஓடும். இந்த இஞ்சினில் கழற்ற லைனரே கிடையாது. அலுமினிய பிளாக்கை வார்க்கும்போதே சிலிண்டர் சுவரில் சிலிக்கன் துகளைப் பொதித்துவிடுகிறார்கள். அந்தத் துகள்தான் தேய்மானத்தைத் தாங்க வேண்டும். பிஸ்டன் பக்கவாட்டில் ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. பூச்சு உரிந்து போனால் அலுமினியத்தில் அலுமினியம் உரசும். துகள் பெயர்ந்து வரும், பெயர்ந்த துகளே சுவரை மேலும் அரிக்கும். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒழுகி, பெட்ரோல் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிட்டால் இந்தச் சேதம் சீக்கிரம் வரும் என்றார் பாய். ஆறாவது இன்ஜெக்டரைத் தனியாகக் கழற்றி சோதனைக்கு எடுத்து வைத்திருக்கிறார்.

நைனா பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், தண்டையார்பேட்டை கிட்டே வந்ததும், “கழட்ட முடியாத மாதிரி ஏன்டா பண்றாங்க?” என்றார். எடை குறைய வேண்டும், சூடு சீக்கிரம் வெளியேற வேண்டும், அதற்காகத்தான் என்றேன். அவருக்கு அது போதவில்லை. எனக்குமே போதவில்லை.

28 ஆகஸ்ட், வியாழன்

ராத்திரி முழுக்கக் கணக்கு. ஓடுகிற நிலையில் இருந்தால் இந்த வண்டிக்கு 24 லட்சம் வரை கிடைக்கும். இப்போது இருக்கிறபடி கேட்டவர் ஒருவர், 8 லட்சம்.

போன வாரம் மத்திய அரசு வெளியிட்ட புதிய கட்டணத்தையும் இதில் சேர்த்தாக வேண்டும். 20 வருடம் தாண்டிய வண்டிகளுக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள். இறக்குமதி செய்த நான்கு சக்கர வண்டிக்கு 80,000 ரூபாய். என் ஆர்.சி. 2022-இல் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தது. 2027-இல் வண்டிக்கு 20 முடியும். வைத்துக்கொண்டால் அந்தச் செலவு வாசலில் நிற்கிறது.

வீட்டில் மனைவி சொன்னது ஒன்றுதான். “சரிபண்ணினா ஓட்டுங்க. துணி போட்டு மூடி வைக்கறதுக்குன்னா வித்துடுங்க. பாப்பா காலேஜுக்கு ஆகும்.” இதைவிட நேராக யாரும் சொல்லவில்லை.

31 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று பிள்ளையார் கரைக்கிற நாள். காசிமேடு பக்கம் வண்டி நகரவே இல்லை. அந்தக் கூட்டத்திலும் ஒரு புரோக்கர் வீடு தேடி வந்துவிட்டார். அவர் சொன்ன யோசனை இது: கெட்டியான ஆயில் ஊற்றி, சத்தத்தை அமுக்கும் திரவம் ஒரு டப்பா சேர்த்தால் பதினைந்து நாள் தட்டல் கேட்காது. அதற்குள் வெளியூர் ஆளுக்கு 20 லட்சத்துக்குத் தள்ளிவிடலாம்.

டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். வாங்குகிறவன் ஹைவேயில் 120-இல் போகும்போது இஞ்சின் இறுகினால் என்ன ஆகும் என்று அந்த மனிதர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. விற்றால் கேமரா படத்தைக் காட்டித்தான் விற்பேன். அப்படி விற்றால் 8 லட்சம்தான். அந்த விலைக்கு வாங்குகிறவர் கதவு, கூரை, கியர்பாக்ஸ், சீட் என்று தனித்தனியாகப் பிரித்து விற்றுவிடுவார். எனக்கு அது சகிக்கவில்லை.

4 செப்டம்பர், வியாழன்

நேற்று ராத்திரி ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவு வந்தது. மோட்டார் உதிரி பாகங்களுக்கு 28 சதவீதமாக இருந்த வரி 18 ஆகிறது. 22-ஆம் தேதியிலிருந்து அமல். ஆபீஸில் காலையிலிருந்து இதே பேச்சு. இறக்குமதிச் சரக்குக்கு ஆர்டர் போட்ட தேதி கணக்கில் வராது, பில் ஆஃப் என்ட்ரி என்கிற இறக்குமதிப் பத்திரம் தாக்கல் செய்கிற தேதிதான். கப்பலோ விமானமோ அதற்குப் பிறகு வந்து சேர்ந்தால் அந்தத் தேதி. ஆகவே இஞ்சின் சாமான் எதையும் 22-க்கு முன்னால் இறக்கக் கூடாது. பாயிடம் சொன்னேன். “அப்ப பண்றதுன்னு முடிவு பண்ணிட்டியா தம்பி?” என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

7 செப்டம்பர், ஞாயிறு

நைனா சோழவரம் போகலாம் என்றார். அவர் கேட்டு நான் மறுத்ததில்லை.

இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் ஆரம்பித்தது. இருங்காட்டுக்கோட்டையில் டிராக் வருவதற்கு முன்னால் இங்கேதான் ரேஸ். பிப்ரவரி மாதம் ஷிப்ட் மாற்றிக்கொண்டு ஆட்கள் சேர்ந்து போவார்களாம். வைக்கோல் கட்டு அடுக்கி வளைவு குறித்திருப்பார்கள், வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்று பார்ப்போம் என்றார். கோயம்புத்தூர் ரேஸ் வீரர் கரிவரதனின் வண்டிகளைப் பற்றிச் சொல்லும்போது குரலே மாறிவிட்டது. நம்ம ஊர் லேத்தில் கடைந்த சாமானை வைத்து ஓட்டினான் என்று அடிக்கடி சொல்கிறார்.

ஏன் அங்கே கூட்டிப் போனார் என்று திரும்பும் வழியில் தெரிந்தது. “லைனர் இல்லன்னா லைனர் போடற மாதிரி கடைஞ்சிட வேண்டியதுதானே. யாரும் பண்ணாததா?”

13 செப்டம்பர், சனி

இஞ்சின் இறக்கியாயிற்று. இந்த வண்டியில் பானெட்டைத் திறந்தால் இஞ்சின் தெரியாது. முன்னால் ஒரு டிக்கி, பின்னால் ஒரு டிக்கி, அவ்வளவுதான். லிஃப்டில் ஏற்றி கியர்பாக்ஸோடு சேர்த்துக் கீழே இறக்க வேண்டும். பாயும் பசங்களும் காலையில் ஆரம்பித்து இருட்டும்போது முடித்தார்கள்.

பிளாக் இரண்டு பாதி. ஒவ்வொரு பாதியிலும் மூன்று சிலிண்டர். ஆறாவது பிஸ்டனை வெளியே எடுத்து என் கையில் வைத்தார். ஒரு பக்கம் புதுசு மாதிரி. மறுபக்கம் பூச்சு முழுதும் உரிந்து, நகத்தை வைத்தால் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு வரிவரியாகக் காயம். படத்தில் பார்த்ததைவிடக் கையில் பார்க்க மோசமாக இருந்தது.

எந்த வழி என்று அங்கேயே உட்கார்ந்து பேசினோம். ஒன்று, லைனர் மாதிரி வார்ப்பிரும்பு ஸ்லீவ் செருகுவது. எல்லாம் சேர்த்து 4 லட்சத்துக்குள் முடியும். நைனா ஒரேயடியாக வேண்டாம் என்றார். லாரியில் பிளாக்கும் இரும்பு, லைனரும் இரும்பு, சூட்டில் இரண்டும் ஒன்றாக விரியும். வார்ப்பிரும்பு விரிவது அலுமினியம் விரிவதில் ஏறக்குறைய பாதிதான். சூடாகச் சூடாக ஸ்லீவைச் சுற்றிப் பிடிப்பு தளரும் என்றார். பாயும் தலையாட்டினார்.

இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து பழைய இஞ்சின். ஏற்றுமதி இறக்குமதிச் சுங்க வேலைதான் என் தொழில், அதனால் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பயன்படுத்திய இஞ்சின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. டி.ஜி.எஃப்.டி. என்கிற வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் அனுமதி இல்லாமல் இறக்க முடியாது. இறக்கினாலும் இஞ்சின் எண் மாறும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி ஆர்.டி.ஓ. ஒப்புதல் வாங்கி ஆர்.சி.யில் பதிய வேண்டும். அதைவிட முக்கியம், அந்த இஞ்சினிலும் இதே அலுமினியச் சுவர்தான்.

மூன்றாவது, பிளாக்கை இங்கிலாந்துக்கு அனுப்பி ஆறு சிலிண்டரையும் கடைந்து, நிக்கசில் பூச்சுள்ள அலுமினிய லைனர் போடுவது. நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் கலந்த பூச்சு. லைனரும் பிளாக்கும் ஒரே உலோகம், விரிவும் ஒன்று. நைனா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

19 செப்டம்பர், வெள்ளி

சரிசெய்கிறேன்.

மொத்தம் 13 லட்சம் வருகிறது. லைனர் வேலை, போகவர விமானச் செலவு, பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கட், போல்ட், பாய் கூலி எல்லாம் உள்பட. 8 லட்சத்துக்குப் போகிற வண்டியில் 13 போட்டால் 21. ஓடுகிற வண்டியின் விலை 24. லாபம் என்று சொல்ல முடியாது, நஷ்டமும் இல்லை. 2027 கட்டணத்தைக் கழித்தாலும் கணக்கு நிற்கிறது.

வெளிநாட்டுக்கு அனுப்பினால் திரும்பி வரும்போது முழு விலைக்கும் வரி கட்ட வேண்டுமா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். வேண்டாம். ரிப்பேருக்கு அனுப்பித் திரும்ப இறக்கும் சரக்குக்கு, ரிப்பேர் செலவு, இரண்டு வழி சரக்குக் கட்டணம், இன்ஷூரன்ஸ் இவற்றின் மேல் மட்டும்தான் வரி. 2017-ஆம் வருட 45-ஆம் எண் சுங்க அறிவிக்கையில் இருக்கிறது. போனதும் வந்ததும் ஒரே பொருள் என்று அதிகாரிக்குத் திருப்தி வர வேண்டும், அதுதான் முக்கிய நிபந்தனை. பிளாக்கில் இஞ்சின் எண் வெட்டியிருப்பது இங்கே நமக்குச் சாதகம். அதே எண் திரும்பி வருவதால் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கும் அலைய வேண்டாம்.

இடைத்தண்டு பேரிங்கையும் இதோடு மாற்றச் சொல்லிவிட்டேன். 2007 இஞ்சினில் அது பெரிய பேரிங், அவ்வளவாகப் போகாது. ஆனால் மாற்ற வேண்டுமென்றால் பிளாக்கை இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டும். இப்போது பிரித்துக் கிடக்கிறது. இதை விட்டால் வேறு சந்தர்ப்பம் வராது.

அவளிடம் கணக்குத் தாளைக் கொடுத்தேன். படித்துவிட்டு, “ஓட்டுவீங்கல்ல?” என்றாள். ஓட்டுவேன் என்றேன். பாப்பா காலேஜுக்காகப் போட்ட டெபாசிட்டில் கைவைக்கவில்லை. ராயபுரம் கடை வாடகையிலிருந்து இதற்கு எடுக்கிறேன்.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. ஷெட்டில் எல்லா வண்டிக்கும் மாலை. என் வண்டி இஞ்சின் இல்லாமல் லிஃப்டில் நின்றது. பாய் வழக்கம்போல ஷெட்டைக் கழுவி ஒதுக்கிக் கொடுத்தார். பசங்க பிளாக்கின் இரண்டு பாதிக்கும் சந்தனப் பொட்டு வைத்தார்கள். நைனா பூசணிக்காய் சுற்றினார். பொரியும் சுண்டலும் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

7 அக்டோபர், செவ்வாய்

மரப்பெட்டி மண்ணடியில் செய்தது. வெப்பப் பதம் செய்து முத்திரை குத்திய மரமாக இருக்க வேண்டும், சாதாரணப் பலகை அந்த ஊரில் ஏற்க மாட்டார்கள். சந்தனத்தைத் துடைத்து, எண்ணெய் சொட்டுகூட இல்லாமல் கழுவிப் பெட்டிக்குள் வைத்தோம். ஷிப்பிங் பில் என்கிற ஏற்றுமதிப் பத்திரத்தில் ரிப்பேர் செய்து திரும்புவதற்கு என்று தெளிவாகக் குறிப்பிட்டுத் தாக்கல் செய்தேன். மீனம்பாக்கம் கார்கோவில் அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். இஞ்சின் எண்ணைத் தடவிப் படித்து, ஷிப்பிங் பில்லோடு ஒப்பிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். இன்று ராத்திரி விமானம்.

பிஸ்டன் செட்டுக்கும் பேரிங்குக்கும் முன்பணம் அனுப்பிவிட்டேன். 18 சதவீதத்தில்தான் இறங்கும். இன்ஜெக்டர் சோதனை முடிவும் வந்தது: ஆறாவது ஒழுகுகிறது. ஆறையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். இங்கிலாந்துப் பட்டறையில் வேலை முடிய இரண்டு மாதம் ஆகும் என்கிறார்கள். தை பிறந்ததும் இஞ்சினைக் கோர்க்க ஆரம்பிக்கலாம் என்று பாய் சொல்கிறார். லைனர் அளவு எடுக்கும்போது தானும் கூட இருக்க வேண்டும் என்று நைனா இப்போதே சொல்லி வைத்துவிட்டார். பழைய மைக்ரோமீட்டரைப் பரணிலிருந்து இறக்கச் சொல்லியிருக்கிறார்.