முதல் பயிற்சிக்கு ஆறு கறுப்புச் சதுரங்கள்

உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கிராபிக் டிசைன் சொல்லித்தரும்போது பலர் முதல் வேலையாக லோகோ வரையச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அளவில் சின்னது என்பதால் சுலபம் என்று தோன்றும். ஆனால் ஒரு நிறுவனத்தை இரண்டு மூன்று வடிவங்களுக்குள் அடக்குவது இந்தத் தொழிலில் மிகக் கடினமான வேலைகளில் ஒன்று. அமெரிக்க டிசைனர் பால் ராண்ட் 1956-இல் ஐபிஎம் கணினி நிறுவனத்துக்கு ஒரு லோகோ அமைத்தார். இன்று நாம் பார்க்கும் எட்டுப் பட்டை வடிவம் அவர் கையிலிருந்தே 1972-இல்தான் வந்தது. அவ்வளவு தேர்ந்த கைக்கே திரும்பத் திரும்ப யோசிக்க இடம் இருந்த வேலை அது. பதினைந்து வயதுப் பிள்ளையிடம் முதல் வாரத்தில் அதைக் கேட்டால் பெயரின் முதல் எழுத்து, அதைச் சுற்றி ஒரு வட்டம், பின்னால் ஒரு நிழல், இவைதான் வரும். அது பிள்ளையின் குறை இல்லை, நாம் கொடுத்த வேலையின் குறை.

டிசைன் வேலை பார்த்துக்கொண்டே பல வருடங்களாக மாணவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன். என் வகுப்பில் ஆரம்ப நாட்களில் கணினிக்கு வேலை இல்லை. ஒரு வெள்ளைத் தாள், ஒரே அளவில் வெட்டிய ஆறு கறுப்புச் சதுரங்கள், அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு சொல் கொடுப்பேன்: நெரிசல், தனிமை, வேகம், சரிவு, ஒழுங்கு. சதுரங்களைத் தாளில் வைக்கும் விதத்தாலேயே அந்தச் சொல்லை உணர்த்த வேண்டும். படம் வரையக் கூடாது, எழுதக் கூடாது. சதுரங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறலாம், தாளின் விளிம்பைத் தாண்டலாம்.

ஒரு மாணவிக்குத் தனிமை வந்தது. ஐந்து சதுரங்களை மேல் மூலையில் நெருக்கி வைத்தாள், ஆறாவதைக் கீழ் மூலையில் தனியாக விட்டாள். பெரும்பாலானவர்கள் இதோடு நிறுத்திவிடுவார்கள். அவள் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கீழே இருந்த சதுரத்தை மேலே நகர்த்தி, மற்ற ஐந்துக்கும் பக்கத்திலேயே, ஒரு நகம் அளவு இடைவெளி விட்டு, லேசாகச் சாய்த்து வைத்தாள். பக்கத்தில் இருந்த பையன் எட்டிப் பார்த்து, “இப்பதான் நிஜமாவே பாவமா இருக்கு” என்றான். மற்ற ஐந்தும் நேராக நிற்க, இது மட்டும் கூட்டத்தின் வாசலில் நின்று உள்ளே போகத் தயங்குவதுபோல இருந்தது.

நெருக்கமாக இருப்பவற்றைக் கண் ஒரே குழுவாக எடுத்துக்கொள்ளும் என்று மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் 1923-இல் எழுதினார். டிசைன் பாடங்களில் இன்றும் வரும் விதி அது. பலகையில் முதலில் அதை எழுதிப் போட்டிருந்தால் பிள்ளைகள் குறித்துக்கொண்டு போயிருப்பார்கள். அந்தப் பெண் அந்த விதியின் எல்லை எங்கே இருக்கிறது என்பதை விரலால் தேடிக் கண்டுபிடித்தாள். அதற்குப் பெயர் உண்டு என்று நான் பிறகுதான் சொன்னேன்.

பொருளைக் கையில் கொடுத்துக் கண்ணைப் பழக்கும் இந்த வழி நான் கண்டுபிடித்தது இல்லை. ஜெர்மனியின் வைமர் நகரில் 1919-இல் தொடங்கிய பௌஹவுஸ் என்ற கலை, டிசைன் பள்ளியில், யோஹன்னஸ் இட்டன் நடத்திய அடிப்படை வகுப்பை முடித்த பிறகே மாணவர்களைப் பட்டறைக்குள் விட்டார்கள். அங்கே படித்து அங்கேயே ஆசிரியரான யோசெஃப் ஆல்பர்ஸ், பின்னாளில் அமெரிக்காவில் வண்ணக் காகிதத் துண்டுகளை வைத்தே நிறத்தைக் கற்றுக்கொடுத்தார். அவருடைய பயிற்சி ஒன்றை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்: ஒரே நிறத் துண்டு இரண்டை வேறு வேறு பின்னணியில் வைத்து, அவை இரண்டு நிறங்களாகத் தெரியும்படி செய்ய வேண்டும். நடுத்தரச் சாம்பல் துண்டை அடர்நீலத்தின் மேலும் வெளிர்மஞ்சளின் மேலும் வைத்தால் ஒன்று வெளிச்சமாகவும் இன்னொன்று இருட்டாகவும் தெரியும். நம்ப மாட்டார்கள். துண்டுகளைக் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்பார்கள். அந்தச் சரிபார்ப்புக்காகத்தான் இதைத் திரையில் செய்யாமல் காகிதத்தில் செய்கிறேன்.

அடுத்தது எழுத்து. எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இதுதான், அதிக நேரம் கொடுப்பதும் இதற்குத்தான். ஒரு நூலக நிகழ்ச்சி அறிவிப்பு: தலைப்பு, நாள், நேரம், இடம், யார் வரலாம், யாரிடம் பதிய வேண்டும். எல்லாம் ஒரே எழுத்துரு, ஒரே அளவு, ஒரே தடிமன், கறுப்பு மட்டும். வரிகளைத் தாளில் எங்கே வைப்பது, எதற்கும் எதற்கும் நடுவே எவ்வளவு இடம் விடுவது, இந்த இரண்டை மட்டுமே அவர்கள் மாற்றலாம். இதைச் சொன்னதும் முணுமுணுப்பு எழும். “தலைப்பையாவது கொஞ்சம் பெருசாக்கக் கூடாதா?” என்று கேட்காத வகுப்பே இல்லை. கூடாது என்பேன். ஒரு சுற்று முடிந்ததும் ஏதாவது ஒரு வரியைத் தடிமனாக்க அனுமதி. அதற்கும் அடுத்த சுற்றில் ஒரே ஒரு வரியின் அளவை மாற்றலாம்.

இப்படிக் கஞ்சத்தனமாகக் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. மெனுவில் ஆயிரம் எழுத்துருக்களும் எல்லா நிறங்களும் கிடைக்கும்போது எந்த மாற்றம் எந்த விளைவைத் தந்தது என்று மாணவருக்குத் தெரியாது. இடைவெளி ஒன்றை மட்டும் கையில் கொடுத்தால், நாளையும் நேரத்தையும் சேர்த்து வைத்தால் ஒரே மூச்சில் படிக்கப்படும், நடுவே ஒரு வரி இடம் விட்டால் தலைப்பு தானாக எழுந்து நிற்கும் என்பதெல்லாம் கண்ணெதிரே நடக்கும். தமிழில் இன்னொரு விஷயமும் பிடிபடும். ‘கி’, ‘மீ’ போன்ற எழுத்துகள் மேலே எழும்பும், ‘சு’, ‘பூ’ போன்றவை கீழே இறங்கும். ஆங்கிலத்துக்குப் பொருந்திய வரி இடைவெளியை அப்படியே வைத்தால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் முட்டிக்கொள்ளும். எவ்வளவு கூட்டினால் போதும் என்று அவர்களே அளந்து பார்க்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

முடித்த தாள்களைச் சுவரில் ஒட்டி, அந்த அறிவிப்பைப் பார்த்திராத ஒருவரை வகுப்புக்குள் கூப்பிடுவேன். அறையின் மறுகோடியில் நின்று அவர் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: முதலில் எது கண்ணில் பட்டது, அடுத்து எது. டிசைன் செய்தவர் வாயைத் திறக்கக் கூடாது. தன் தாளில் யாருடைய தொலைபேசி எண்ணோ முதலில் கண்ணில் பட்டது என்று கேட்கும்போது ஒரு மாணவர் கற்றுக்கொள்வதை நான் ஒரு மணி நேரம் பேசினாலும் தர முடியாது. மாணவர்கள் ஒருவர் வேலையை இன்னொருவர் பார்க்கும்போதும் இதே முறைதான். ‘நல்லா இருக்கு’, ‘நல்லா இல்லை’ இரண்டும் செல்லாது. கண் எங்கே போனது, எங்கே சிக்கியது என்று சொன்னால் போதும்.

ஐகான் பயிற்சிக்குக் கட்டம் போட்ட தாள். 32-க்கு 32 கட்டம், ஒவ்வொரு கட்டமும் கறுப்பு அல்லது வெள்ளை. 1984-இல் வந்த மேக்கின்டாஷ் கணினியின் ஐகான்களை வடிவமைத்த சூசன் கேர் இப்படிக் கட்டத்தாளில்தான் வேலையைத் தொடங்கினார் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உற்சாகம் வந்துவிடும். ‘தேடு’, ‘காத்திரு’, ‘அமைதி’ என்று வினைகளாகவும் நிலைகளாகவும் கொடுப்பது நல்லது. பொருள்களைக் கொடுத்தால் படம் வரைந்துவிட்டு நிறுத்திவிடுவார்கள்.

வரைபடப் பயிற்சிக்கு ஹாரி பெக் துணை. லண்டன் சுரங்க ரயில் வரைபடத்தில் உண்மையான தூரத்தையும் வளைவுகளையும் விட்டுவிட்டு, நேர்கோடுகளாலும் 45 பாகைச் சாய்வுகளாலும் அதை 1931-இல் வரைந்தார். 1933-இல் அது பயணிகள் கைக்குப் போனது. பயணிக்கு எந்த நிலையத்தில் மாற வேண்டும் என்பதே முக்கியம், நிலத்தின் உருவம் அல்ல. பள்ளிக்குப் புதிதாக வரும் மாணவருக்காக ஒரு வரைபடம் செய்யச் சொன்னால் எதையெல்லாம் விட்டுவிடலாம் என்ற கேள்வி தானாக வரும்.

இவ்வளவுக்கும் பிறகு கணினி. வெக்டர் படம் வரைய இன்க்ஸ்கேப், பிக்சல் படத்துக்கு ஜிம்ப்; இரண்டு மென்பொருளும் இலவசம், பள்ளி வேலைக்குத் தாராளமாகப் போதும். கோடுகளைக் கணக்காக வைத்திருக்கும் வெக்டர் படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு உடையாது, சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆன பிக்சல் படம் உடையும். ஒரே வடிவத்தை இரண்டிலும் வரைந்து பெரிதாக்கிக் காட்டினால் விளக்கமே தேவையில்லை. நிறம் தேர்வு செய்யும்போது ஒரு கணக்கைக் கட்டாயமாக்குகிறேன்: சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச மாறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டுதல்களின் அளவுகோல். வெளிர்சாம்பல் எழுத்தை ரசிக்கும் வயது அது. பார்வை குறைந்தவரும் படிக்க வேண்டும் என்று எண்ணோடு சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்கள். அதேபோல, இணையத்தில் கிடைத்த படம் எல்லாம் நமக்குச் சொந்தமில்லை என்பதையும் இந்தக் கட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். எந்தப் படம், யாருடையது, எந்த உரிமத்தில் எடுத்தது என்று எழுதித் தராத வேலையை நான் மதிப்பிடுவதில்லை.

மதிப்பெண்ணில் பெரும்பகுதி, யோசித்துப் பார்க்கப் போட்ட கிறுக்கல் தாள்களுக்குத்தான். வரையத் தெரிந்த பிள்ளைக்கு மட்டுமே உரிய பாடமாக இது ஆகிவிடக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன்.

கடைசிப் பயிற்சிக்கு நிஜமாகவே தேவை உள்ள ஒருவரைத் தேடிப் பிடிப்பேன். இந்த முறை பள்ளி நூலகர். புத்தகம் திருப்பித் தரும் விதிகளுக்கு ஒரு போஸ்டர் வேண்டும் என்றார். வேலையை எடுத்துக்கொண்ட மாணவன் முதல் வடிவத்தைக் காட்டியபோது, “எழுத்து இன்னும் பெரிசா இருக்கணும் தம்பி” என்றார். அவன் எழுத்தை அப்படியே பெரிதாக்கித் தாளை நெரிசலாக்கவில்லை. எந்த விதியைப் பற்றிப் பிள்ளைகள் அதிகம் கேட்கிறார்கள் என்று அவரிடமே விசாரித்து, யாரும் கேட்காத இரண்டு விதிகளை அவர் சம்மதத்தோடு எடுத்துவிட்டான். மீதி எழுத்து தாராளமாகப் பெரிதானது. இப்போது அதையே செல்பேசித் திரைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறான். அகலம் சுருங்கும்போது அபராத விதி மேலே இருக்க வேண்டுமா, நூலக நேரம் மேலே இருக்க வேண்டுமா என்பதில் அவனுக்கும் எனக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. நாளை இரண்டையும் அச்செடுத்து நூலகரிடம் காட்டுவதாகப் பேசி வைத்திருக்கிறோம்.