தினமும் போடும் நகையா, லாக்கரில் தூங்கும் நகையா?

நகை வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் சுற்றி இருக்கிறவர்கள் முதலில் கேட்பது இன்றைக்கு ரேட் என்ன என்றுதான். நான் கேட்பது வேறு: தினமும் போடுவதற்கா, கல்யாணம் காதுகுத்துக்கு மட்டுமா? டிசைன், எடை, கடை எல்லாம் அதற்கு அப்புறம். ஏனென்றால் 22 காரட் தங்கம் மென்மையானது, உரசினால் தேயும், அழுத்தினால் நசுங்கும், இழுத்தால் நீளும். எந்த நகை எங்கே எவ்வளவு உரசப் போகிறது என்று யோசித்துவிட்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

22 காரட் என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், மிச்சம் பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். பவுன் கணக்கு வந்ததே பிரிட்டிஷ் சவரன் காசிலிருந்துதான், அந்தக் காசும் 22 காரட்தான் (எடை 7.98 கிராம் சொச்சம், நாம் அதை 8 ஆக்கிக்கொண்டோம்). கைமாறிக் கைமாறித் தேயக்கூடாது என்றுதான் அதில் செம்பு சேர்த்தார்கள். அதனால் "சுத்தமான 24 காரட்டிலேயே செயின் செய்து போட்டால் என்ன" என்று கேட்கிறவர்கள் காசாக வாங்கி வைத்துக்கொள்ளலாம். அந்தத் தங்கத்தில் செய்த கொக்கி விரிந்துவிடும், வளையல் நெளிந்துவிடும். வைரத்தை 18 காரட்டில் பதிப்பதும் இதே காரணத்துக்குத்தான், கல்லைப் பிடிக்கிற நகம் கெட்டியாக இருக்க வேண்டும்.

தினமும் போடும் செயினைப் பார்ப்போம். மதுரை தெற்காவணி மூல வீதியோ தி.நகர் உஸ்மான் ரோடோ, எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் முதல் தட்டில் வருவது லைட்வெயிட் செயின். "அக்கா, ரெண்டு பவுன்தான், பார்க்க நாலு பவுன் மாதிரி இருக்கும் பாருங்க" என்பார் தம்பி. இருக்கும்தான். உள்ளே வெறுமையாக இருக்கிற குழாய்க் கம்பியில் செய்தது, அதனால் இருக்கும். விசேஷத்துக்கு ஒரு நாள் போட்டுக் கழற்றி வைக்கிறவர்களுக்கு அது நல்ல தேர்வுதான், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் தாலிக்கொடிக்கு வேண்டவே வேண்டாம். ராத்திரி பகல் கழுத்தில் கிடந்து, தூக்கத்தில் மடங்கி, குழந்தை பிடித்து இழுத்து, ஒருநாள் அந்தக் குழாய் நசுங்கினால் நிமிர்த்த முடியாது. பற்றவைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான், பற்றவைத்த ஒவ்வொரு இடமும் அடுத்து அறுபடுகிற இடமாக ஆகிவிடும். இரண்டு பவுன்தான் பட்ஜெட் என்றால் அகலம் குறைந்த கெட்டிக் கம்பிச் செயினே மேல். தோற்றம் சன்னமாக இருக்கும், பரவாயில்லை.

செயினின் அழகைப் பார்க்கிற நேரத்தில் பாதியை அதன் கொக்கிக்குக் கொடுங்கள் என்பேன். செயின் அறுவது பெரும்பாலும் நடுவில் இல்லை, கொக்கியும் கடைசி வளையமும் சேருகிற இடத்தில்தான், அங்கேதான் எடை முழுவதும் தொங்குகிறது, அங்கேதான் தங்கம் தங்கத்தோடு உரசுகிறது. அந்த வளையம் மற்றதை விடத் தடிமனாக இருக்கிறதா, வாய் முழுவதும் பற்றவைத்திருக்கிறதா, இல்லை சும்மா நெருக்கி வைத்திருக்கிறதா என்று பாருங்கள். தோடு என்றால் திருகாணியை நாலு தடவை திருகிக் கழற்றிப் பாருங்கள், மரை ஆழமாக இருக்க வேண்டும், கடைசிச் சுற்று வரை இறுக்கமாகப் போக வேண்டும். கனமான ஜிமிக்கி வாங்கினால் மாட்டலும் சேர்த்து வாங்கிவிடுங்கள். காதுத் துளை கிழிந்த பிறகு தையல் போடுவதை விட அது மேல்.

இப்போது பில். இங்கேதான் நிறையப் பேர் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். கணக்கு சுலபமாக இருக்கட்டும், கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 8 கிராம் செயின், சேதாரம் (செய்யும்போது வீணாகிற தங்கத்துக்கென்று கடை போடுவது) 12 சதவீதம். நகை விலை 80,000, சேதாரம் 9,600, இரண்டும் சேர்த்து 89,600, அதன்மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி 2,688, ஆக மொத்தம் 92,288. ஹால்மார்க் கட்டணம் தனி, அது சொற்பம். அதே செயினை மறுநாள் அதே ரேட்டில் விற்கப் போனால் நல்லபடியாகக் கொடுக்கிற கடையிலும் 80,000தான் வரும். மிச்சம் 12,288 அந்த டிசைனுக்கும் வரிக்கும் கொடுத்தது. கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை, பட்டறையில் உட்கார்ந்து செய்கிறவருக்குக் கூலி வேண்டாமா? தெரிந்து கொடுங்கள் என்கிறேன். சேதாரம் பேரம் பேசக் கூடியது, ரேட் பேசக் கூடியதில்லை. "செய்கூலி இல்லை" என்று பலகை போட்ட இடத்தில் சேதாரம் எத்தனை என்று கேளுங்கள், "சேதாரம் இல்லை" என்கிற இடத்தில் செய்கூலியைக் கேளுங்கள்.

கல் நகையில் இன்னொரு விஷயம். மொத்த எடை, நிகர எடை இரண்டும் பில்லில் தனித்தனியாக இருக்க வேண்டும், தங்கத்தின் விலை நிகர எடைக்கு மட்டும்தான். கல்லின் எடை மட்டும் இல்லை, பழைய முறையில் செய்த அட்டிகை, பதக்கங்களில் உள்ளே அரக்கு அடைத்திருப்பார்கள், அதையும் கழித்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

ஹால்மார்க் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கேட்டால் "916 போட்டிருக்கே" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 916 என்று யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். இப்போது நகையில் மூன்று குறி இருக்க வேண்டும்: பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையான முக்கோணம், 22கே916 என்ற தரம், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யுஐடி, அதாவது அந்த நகைக்கு மட்டுமே உரிய அடையாள எண். அந்த ஆறு இலக்கம் இல்லாத ஹால்மார்க் நகையை 2023 ஏப்ரல் 1 முதல் கடைகள் விற்கக் கூடாது. 2 கிராமுக்குக் குறைவான சின்ன மூக்குத்தி மாதிரியானவற்றுக்கு விலக்கு உண்டு. கடையிலேயே பூதக்கண்ணாடி கேட்டு எண்ணைப் படியுங்கள், பிஐஎஸ் கேர் செயலியில் போடுங்கள், எந்தக் கடை, எந்த மையத்தில் சோதித்தது, என்ன நகை, என்ன தரம் என்று காட்டும். கையில் இருப்பது செயின், திரையில் மோதிரம் என்று வந்தால் நகையை மேசையில் வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள். முத்திரையில் சொன்னதை விடத் தரம் குறைவு என்று பின்னால் நிரூபணமானால், குறைந்த தங்கத்தின் மதிப்பைப் போல இரண்டு மடங்கும் சோதனைச் செலவும் வாங்குவோருக்குக் கொடுக்க வேண்டும் என்று பிஐஎஸ் விதி இருக்கிறது. பில் இல்லாமல் போய் நின்றால் இதெல்லாம் பேச முடியாது.

பாட்டி காலத்து நகையை மாற்றப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் ஒரு பெட்டிக்குள் வைத்து ஒரு நிமிஷத்தில் சொல்லும் மெஷின் மேல்தோலைத்தான் படிக்கிறது, பற்றவைக்கச் சேர்த்த பொடி (தரம் குறைந்த உலோகக் கலவை) உள்ளே எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. பழைய நகைகளில் பொடி தாராளமாக இருக்கும். உருக்கிப் பார்த்தால்தான் உண்மைத் தரம் தெரியும், அதை உங்கள் கண்முன்னால் செய்யச் சொல்லுங்கள், உருக்குவதற்கு முன்னும் பின்னும் எடையை எழுதிக்கொள்ளுங்கள். கேடிஎம் நகை உசத்தி என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். பொடிக்குப் பதில் காட்மியம் வைத்துப் பற்றவைத்தது அது, தரம் குறையாது என்பது சரிதான், ஆனால் அந்தப் புகை பட்டறைக்காரர்களின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், பிஐஎஸ் அதை அனுமதிப்பதில்லை.

பராமரிப்புக்குப் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு ஷாம்பு அல்லது ஊறவைத்த பூந்திக்கொட்டைத் தண்ணீர், மெத்தென்ற பழைய பிரஷ், கழுவி மெல்லிய பருத்தித் துணியில் ஒற்றி நிழலில் உலர்த்துவது. அவ்வளவுதான். டூத்பேஸ்ட், விபூதி, சமையல் சோடா எதுவும் வேண்டாம், பளபளப்பு வருவதே மேலே உள்ள தங்கத்தைச் சுரண்டித்தான். முத்து, பவளம், மரகதம், அரக்கு வைத்த நகை எதையும் கொதிநீரில் போடாதீர்கள், ஊறவும் விடாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தால் போதும். தாலிக்கொடியில் மஞ்சள் பூசுகிறவர்கள் பூசட்டும், மஞ்சள் தங்கத்தை ஒன்றும் செய்யாது. எண்ணெயோடு சேர்ந்து கண்ணிகளுக்குள் அடைந்து, தூசியைப் பிடித்துவைத்து உரசுகிற அழுக்குதான் தேய்க்கும், அதை அவ்வப்போது எடுத்துவிட வேண்டும். கழுத்தில் கறுப்பாகக் கோடு விழுந்தால் உடனே கடைக்காரரைத் திட்டாதீர்கள், சன்ஸ்கிரீனிலும் மேக்கப்பிலும் இருக்கிற துத்தநாக ஆக்சைடு போன்ற கடினமான துகள்கள் தங்கத்தை நுணுக்கமாகச் சுரண்டினாலும் அப்படிக் கறுக்கும். பூசியது காய்ந்த பிறகு நகையைப் போடுங்கள்.

பாதரசம் மட்டும் கிட்டே வரக் கூடாது. பழைய தெர்மாமீட்டர் உடைந்து சிந்தினதைத் தொட்டால் மோதிரம் கண்முன்னாலேயே வெள்ளையாகிவிடும், பெயர் தெரியாத சில சிவப்பழகு கிரீம்களிலும் பாதரசம் இருப்பதால் அவற்றாலும் ஆகலாம். அடுப்பில் காட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், அந்த ஆவி விஷம். பட்டறையில் விஷயத்தைச் சொல்லிக் கொடுங்கள்.

அப்புறம் வாசலில் வந்து பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்கிற ஆள். செய்தித்தாளில் இத்தனை வருஷமாக வந்தும் இன்னும் ஏமாறுகிறோம். முதலில் வெள்ளி மெட்டியைப் பளபளவென்று தேய்த்துக் காட்டி நம்பவைப்பார், பிறகு வளையலைக் கேட்பார். அவர் கிண்ணத்தில் இருப்பது நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த ராஜ திராவகமாக இருக்கலாம், தங்கத்தையே கரைக்கக் கூடியது. வளையல் மினுமினுவென்று திரும்பி வரும், எடை குறைந்திருக்கும். கரைந்த தங்கம் கிண்ணத்தோடு போய்விடும், அதைத் திரும்பப் பிரித்தெடுக்க அவர்களுக்குத் தெரியும். தெரிந்த பட்டறையிலோ வாங்கிய கடையிலோ பாலிஷுக்குக் கொடுத்தாலும், எடையை உங்கள் எதிரில் போட்டு மில்லிகிராம் வரை சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். மெஷின் பாலிஷிலும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தங்கம் போகத்தான் செய்யும்.