புதன்கிழமை ஆட்டோ காசு

போன புதன்கிழமை தங்கச்சி மகளுக்கு ஒன்பதாம் மாச ஊசி, தட்டம்மை ரூபெல்லாவுக்குப் போடுவாங்கள்ல அது. மச்சான் திருப்பூர்ல இருக்காரு, அம்மாவுக்கு முட்டி வலி, அதனால தாய்மாமன் நான்தான் பையைத் தூக்கிக்கிட்டு கூடப் போனேன். எங்க ஊரு உசிலம்பட்டிக்கு மேக்க, மெயின் ரோட்ல இருந்து உள்ள 3 கிலோமீட்டர். மினிபஸ் ஒண்ணு ஓடுது, ஆள் சேந்தாத்தான் எடுப்பாங்க, அன்னைக்கு வரவே இல்ல. கைப்பிள்ளையை வச்சுக்கிட்டு அந்த வெயில்ல எங்கிட்டு நடக்க, ஷேர் ஆட்டோ வரும் வரும்னு வேப்பமரத்தடியிலயே ஒரு மணி நேரம் போச்சு, கடைசில தனி ஆட்டோ பேசி ரோட்டுக்கு வந்தோம், 80 ரூபா.

ரோட்டுக்கு வந்துட்டா கவலை இல்ல, டவுன் பஸ்ல தங்கச்சிக்கு காசு கிடையாது, எனக்கு மட்டும்தான் டிக்கெட். 2021 மே 8-ல இருந்து சாதா டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு இலவசம், அதுக்கு போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு ஈடு கட்டுது, ஆரம்பத்துல வருசத்துக்கு 1,200 கோடின்னு சொன்னாங்க. இதை ஓசி பஸ்னு எவனாவது நக்கலடிச்சா எனக்கு கோவம் வரும், முன்னாடியெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா அம்மாகிட்ட சில்லறைக்கு நின்ன பிள்ளை இப்ப யாரையும் கேக்காம ஏறி உக்காருது. ஊசிக்குன்னு போட்ட திட்டம் இல்லதான், ஆனா புதன்கிழமை காலைல அந்த பஸ்ல ஏறிப் பாருங்க, பாதி மடில கைக்குழந்தை இருக்கும்.

நாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேரும்போது மணி ஒண்ணாகப் போகுது. "ஏத்தா, இம்புட்டு லேட்டா வந்தா எப்பிடி, இப்பத்தான் குப்பியத் தூக்கிப் போட்டேன்"னு நர்சம்மா சொல்லுது. எனக்கு சுர்ருன்னு ஏறிருச்சு, சத்தம் போடப் பாத்தேன். அப்புறம் அவங்களே விளக்குனாங்க, அந்த மருந்து பொடியா வருது, தண்ணி மருந்து கலந்துட்டா 4 மணி நேரம்தான், மிச்சம் இருந்தாலும் கொட்டிரணுமாம். ஒரு குப்பில அஞ்சு பத்து பிள்ளைக்குப் போடலாம், எங்க ஒருத்திக்காகப் புதுசா உடைக்க யோசிக்கிறாங்க. அடுத்த வாரம் வாங்கன்னுட்டாங்க. ஒரு பிள்ளைக்கும் உடைக்கலாமே, உடைச்சிருக்கணும்னுதான் இப்பவும் நினைக்கிறேன், ஆனா அன்னைக்கு வாதாடத் தெம்பில்ல.

திரும்பி வரும்போது மறுபடி 80. நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளையா இருந்தா அன்னைக்கு சம்பளமும் போச்சு.

2008-ல திருவள்ளூர்ப் பக்கம் தட்டம்மை ஊசி போட்ட அப்புறம் நாலு குழந்தைங்க இறந்துபோச்சு, அதுக்கப்புறம் கிராமத்துல போடுறதை நிறுத்திட்டு டாக்டர் இருக்குற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னாங்க. பாதுகாப்புக்குத்தான், தப்புச் சொல்ல முடியாது, ஆனா நம்ம வீட்டு வாசலுக்கு வந்த ஊசி தூரமாப் போயிருச்சு. தேசிய குடும்பநல ஆய்வுல தமிழ்நாட்டுல எல்லா ஊசியும் போட்ட குழந்தைங்க 2005-06ல 81 சதவீதம், 2015-16ல 70 சதவீதத்துக்கு இறங்கிருச்சு, 2019-21ல 89க்கு ஏறிருச்சு. தூரம் மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன், அதுக்கும் ஒரு பங்கு இருக்கும்.

எனக்கு உறுத்துறது வேற. பிரசவ வலின்னா 108 வருது, பிள்ளை பெத்ததும் 102 வண்டி வீட்ல கொண்டாந்து விடுது, மருந்து இருக்குற ஐஸ் பெட்டியை ஊசி போடுற இடத்துக்குக் கொண்டு போறவருக்குக் கூட தேசிய சுகாதார இயக்கத்துல வண்டிக்காசு தனியா ஒதுக்கியிருக்காங்க. மருந்து வர்றதுக்கு காசு இருக்கு, பிள்ளை வர்றதுக்கு அந்த 3 கிலோமீட்டருக்கு யாரும் கணக்கு எழுதல. உசிலம்பட்டிப் பக்கம் நாங்களாச்சும் பரவால்ல, சாப்டூர் மலை அடிவாரத்துல இருக்குற பளியர் பழங்குடிக் குடும்பங்க ரோட்டைப் பிடிக்கவே எவ்வளவு நடக்கணும்!

ஆட்டோக்காரர்கிட்ட இதைத்தான் பொலம்பிக்கிட்டே வந்தேன். "நர்சம்மா ஒரு சீட்டுல கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும்ணே, மாசக் கடைசில அக்கவுண்ட்ல போட்டா நான் புதன்கிழமை பூரா ஓட்டுறேன், பெட்ரோலுக்கு மேல கொஞ்சம் நின்னா போதும்"னாரு. அவருக்கு ஒரு நிமிசத்துல தோணுனது நம்ம பஞ்சாயத்துக்கு இன்னும் தோணல.

நாளைக்குப் புதன். எட்டு மணிக்கே வீட்டு வாசல்ல வந்து நிக்கிறேன்னு சொல்லியிருக்காரு, 160 எடுத்து வச்சாச்சு.