முதுகில் தெரியும் துக்கம்: ஏரி மண்ணில் உருவம் செய்தல்

மனசில் இருப்பதை மண்ணில் காட்ட வரும் இளையவர்கள் பெரும்பாலும் முகத்தில்தான் கை வைக்கிறார்கள். துக்கம் என்றால் இரண்டு சொட்டுக் கண்ணீர், கோபம் என்றால் நெறித்த புருவம். வேலூர்ப் பக்கம் பிள்ளைகளோடு மண்ணில் வேலை செய்கிற நாங்கள் முதலில் சொல்வது, முகத்தை விட்டுவிடுங்கள் என்பதுதான். சென்னைக் கடற்கரையில் 1959 முதல் நிற்கிறதே, தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலை, அதைப் பேருந்தில் போகும்போது பார்த்தால் நாலு பேரின் முகமும் சரியாகத் தெரியாது. பாறையின் பாரம் மட்டும் தெரியும். கெண்டைக்காலும் முதுகும் அதைச் சொல்லிவிடுகின்றன.

ஆகவே, உணர்வின் பெயரைத் தேடாமல் அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். திட்டு வாங்கிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தோள் காதுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது? ஆத்திரம் வந்த அம்மா பேசுவதற்கு முன்பே முந்தானையை இடுப்பில் செருகிவிடுவார். காட்பாடி ரயில் நிலையத்தில், வைத்தியத்துக்காக வெகுதூரத்திலிருந்து வந்தவர்கள் பையை மடியில் இறுக்கிக்கொண்டு காத்திருப்பதைக் கவனியுங்கள். யாரையும் படம் எடுக்க வேண்டாம். பார்த்து மனசில் வைத்துக்கொண்டால் போதும். பிறகு அதே மாதிரி நீங்களே உட்கார்ந்து பாருங்கள். எந்த இடம் வலிக்கிறதோ அங்கேதான் சிலையின் பாரம் விழ வேண்டும்.

பெரிய உருவத்துக்குப் போகுமுன் கைப்பிடி மண்ணில் ஐந்து மாதிரி, ஒவ்வொன்றுக்கும் பத்தே நிமிடம். கண்ணும் மூக்கும் கூடாது. ஐந்தையும் வரிசையாக வைத்து நாலடி தள்ளி நின்று பார்த்தால், ஒன்று மட்டும் கூப்பிடும். அதைத்தான் பெரிதாக்க வேண்டும். அழகாக வந்ததைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் பாதி வழியில் சலித்துப்போகிறார்கள்.

மண்ணுக்கு வருவோம். கோடையில் ஏரி வற்றும்போது கிடைக்கும் வண்டல் நல்லது. மண்பாண்டத்துக்குப் பேர்போன கரிகிரியிலோ உங்கள் ஊரிலோ சூளை வைத்திருக்கும் குயவரிடம் கேட்டு வாங்குவது அதைவிட நல்லது. எந்த மண் தீயைத் தாங்கும் என்று அவருக்குத் தெரியும். மூன்று நாள் ஊறவைத்துக் கரைத்து, கொசுவலையில் வடிகட்டுங்கள். இதில் சோம்பல் பட்டால் சுக்காங்கல், அதாவது சுண்ணாம்புக் கல், துணுக்காக உள்ளே தங்கிவிடும். அது சூளையில் சுண்ணாம்பாகி, வெளியே வந்தபின் காற்றின் ஈரத்தை இழுத்து உப்பும். முழுசாக வெந்து வந்த சிலையின் தோளில் பத்து நாள் கழித்து ஒரு சில்லு தெறித்து விழுவதற்கு அதுதான் காரணம். காய்ந்த மண்ணில் எலுமிச்சைச் சாறு விட்டு, நுரைத்தால் அந்த மண்ணை எடுக்காதீர்கள்.

தெளிந்த நீரை வடித்துவிட்டு, ஐந்து பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சலித்த ஆற்று மணல் சேர்த்துப் பிசையுங்கள். பென்சில் கனத்தில் திரித்து விரலைச் சுற்றி வளைத்தால் வெடிக்கக் கூடாது. ஒரு பட்டையில் சரியாக 10 செ.மீ. கோடு கீறிக் காயவையுங்கள். காய்ந்தபின் 9 செ.மீ.க்கும் கீழே இறங்கினால் மணல் போதவில்லை என்று அர்த்தம்.

ஓரடிக்குச் சற்றுக் குறைவான, உட்கார்ந்த உருவத்துக்கு ஐந்தாறு கிலோ மண் பிடிக்கும். பலகையில் செய்தித்தாள் விரித்து அதன் மேல் ஆரம்பியுங்கள். மண் காயும்போது சுருங்கும். அடி பலகையில் ஒட்டியிருந்தால் நகர இடமில்லாமல் நடுவில் பிளக்கும். தாள் இருந்தால் வழுக்கிக்கொண்டு சுருங்கிவிடும்.

முதலில் முதுகு. பெரிய கட்டியாக வைத்து, உள்ளங்கையால் அழுத்தி, வளைவைப் பிடியுங்கள். தலை கடைசியில் வரட்டும். ஒட்டும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பக்கமும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அதே மண்ணைத் தயிர் மாதிரிக் குழைத்துத் தடவி, அசைத்து அழுத்த வேண்டும். வெறும் தண்ணீர் தொட்டு ஒட்டிய கை, காய்ந்ததும் கழன்று வரும்.

உணர்வு தொலைவது சூளையில் இல்லை, வழவழப்பாக்கும்போதுதான். இதை அழுத்திச் சொல்கிறோம். ஈரக் கையால் தடவித் தடவித் தேய்த்தால் கட்டைவிரல் அழுத்திய பள்ளம், பிய்த்து ஒட்டிய விளிம்பு, கோபத்தில் அறைந்த தட்டை எல்லாம் மறைந்து பொம்மைக் கடைப் பொம்மை ஆகிவிடும். மண்ணுக்கும் கெடுதல்: நுண்ணிய களி கழுவிப்போய் மணல் மேலே வரும், முடியிழை மாதிரி வெடிப்பு ஓடும். எங்கே விரல் தடம் வேண்டும், எங்கே வழவழப்பு வேண்டும் என்று தீர்மானித்துச் செய்யுங்கள். இறுகிய முதுகைத் தழும்புகளோடு விட்டு, மடியில் இருக்கும் பையை மட்டும் வழவழப்பாக்கினால், பார்ப்பவரின் கண் நேரே பைக்குப் போகும்.

மண் தோல் பதத்துக்கு வந்ததும், அதாவது நகம் பதியும், ஆனால் கையில் ஒட்டாது என்ற நிலையில், மெல்லிய கம்பியால் உருவத்தை இரண்டாக அறுத்து உள்ளே குடையுங்கள். சைக்கிள் ஸ்போக்கை வளைத்து மரப்பிடியில் கட்டினால் குடையும் கருவி தயார். சுவர் ஒன்று முதல் ஒன்றரை செ.மீ. கனத்தில், எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்க வேண்டும். ஓரிடம் கனமாகவும் ஓரிடம் மெல்லிசாகவும் இருந்தால் ஒன்று முந்திக் காய்ந்து மற்றதை இழுத்துக் கிழிக்கும். பிறகு கீறி, குழைத்த மண் தடவி, மூடி ஒட்டுங்கள். அடியில் விரல் நுழையும் ஓட்டை கட்டாயம்.

காயவைப்பதில்தான் நம் ஊர் வெயில் சோதிக்கும். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் சிலையை மொட்டைமாடியில் வைத்தால் ஒரே மத்தியானத்தில் கழுத்தும் மணிக்கட்டும் வெடித்துவிடும். வீட்டுக்குள், மின்விசிறி படாத மூலையில், பாலிதீன் மூடி வையுங்கள். முதல் மூன்று நாள் முழு மூடல், பிறகு தினம் கொஞ்சம் திறப்பு. விரல், காது போன்ற மெல்லிய இடங்களில் ஈரத்துணிக் கீற்று சுற்றினால் அவை உடம்போடு சேர்ந்து காயும். கோடையில் பத்து நாள், ஐப்பசி மழையில் மூன்று வாரம்கூட ஆகும். கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கிறதா? உள்ளே ஈரம் இருக்கிறது. இன்னும் உறுதியாகத் தெரிய தினம் எடை போடுங்கள். இரண்டு நாள் எடை மாறவில்லை என்றால் காய்ந்துவிட்டது.

சூளையில் சிலை வெடிப்பதற்குக் காற்றுக் குமிழியைக் குறை சொல்வார்கள். குற்றவாளி தண்ணீர். 100 டிகிரியில் அது ஆவியாகிச் சுமார் 1,700 மடங்கு விரியும். வெளியேற வழியில்லாவிட்டால் சுவரைப் பெயர்க்கும். அதனால் முதல் மூன்று நான்கு மணி நேரம் வெறும் புகைச்சூடு மட்டும். 573 டிகிரியில் மணலில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென்று விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். ஆகவே ஏறும்போதும் நிதானம், இறங்கும்போதும் நிதானம். குயவரின் சூளையில் பானைகளுக்கு நடுவே, நேரடித் தீ படாத இடமாகக் கேளுங்கள், சூளைக்கூலியைக் கொடுத்துவிடுங்கள். வறட்டியும் வைக்கோலும் எரிந்து அடங்கிய அன்றே பிரிக்க அவசரப்பட வேண்டாம். மறுநாள் கை பொறுக்கும் சூட்டில் எடுக்கலாம்.

புகை தங்கிய இடம் கருப்பாக வரும். அதைப் பெயிண்ட் அடித்து மூடாதீர்கள். வேண்டுமென்றே தலைப்பக்கம் உமியைக் குவித்துக் கருப்பாக்கி, உடம்பைச் செம்மண் நிறத்திலேயே விட்டு ஒரு பெண் செய்த உருவம், எந்த வண்ணமும் சொல்லாததைச் சொன்னது.

எல்லாவற்றையும் சுட வேண்டும் என்பதில்லை. யாரிடமும் காட்டப் பிடிக்காத உருவம் என்றால் எலும்பாகக் காயவிட்டு ஒரு வாளித் தண்ணீரில் மெதுவாக இறக்கிவையுங்கள். அரை ஈரத்தில் போட்டால் கட்டியாகவே கிடக்கும். நன்றாகக் காய்ந்தது நீரை உறிஞ்சி, குமிழி விட்டு, தானே உதிரும். கலக்க வேண்டாம். காலையில் மேல் நீரை வடித்து, சேற்றைப் பழைய வேட்டியில் கட்டித் தொங்கவிட்டால் இரண்டு மூன்று நாளில் பிசையும் பதத்துக்கு வந்துவிடும்.