அக்கா வழக்கில் நாங்கள் போட்ட மேல்முறையீடு

"எதிரி மீதான குற்றச்சாட்டுகள் சந்தேகத்திற்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை" என்று நீதிபதி வாசித்து முடித்தபோது அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "எத்தனை வருஷம் போட்டிருக்காங்க?" என்று என்னிடம் கேட்டாள். விட்டுட்டாங்கம்மா என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அது 2022 ஜூன்.

அக்கா இறந்தது 2016-ல். தூக்குப் போட்டுக்கொண்டாள் என்றார் அவள் கணவர். வழக்கில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், அவர்தான். கல்யாணமாகி 9 வருடம் ஆகியிருந்தது. 7 வருடத்துக்குள் நடந்திருந்தால் வரதட்சணை மரணம் என்று சட்டம் கொஞ்சம் கைகொடுக்கும். எங்களுக்கு அது இல்லை. அப்போதைய தண்டனைச் சட்டத்தில் கொலைக்கான 302-ம், மனைவியைக் கொடுமைப்படுத்துவதற்கான 498ஏ-யும்தான். அலறல் கேட்டது என்று போலீசிடம் சொன்ன பக்கத்து வீட்டார் இருவரும் கூண்டில் ஏறியதும் பேச்சை மாற்றி, பிறழ் சாட்சி ஆகிவிட்டார்கள்.

அரசு மேல்முறையீடு செய்யும் என்று காத்திருந்தோம். கேட்கும்போதெல்லாம் கோப்பு சட்டக் கருத்துக்குப் போயிருக்கிறது என்றார்கள். அப்படியே இரண்டு மாதம் போனது. அப்புறம்தான் மதுரையில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தோம். "அரசுக்காக ஏம்மா காத்திருக்கீங்க? உங்களுக்கே உரிமை இருக்கு" என்றார். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 372-வது பிரிவில் 2009 கடைசியில் அமலுக்கு வந்த திருத்தம் அது. அரசு மேல்முறையீடு செய்தால் உயர் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். பாதிக்கப்பட்டவர் செய்தால் அது தேவையில்லை என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் இதே உரிமை 413-வது பிரிவில் இருக்கிறது.

யார் பெயரில் போடுவது என்று ஒரு கேள்வி வந்தது. காப்பாளரும் சட்டப்படியான வாரிசும் 'பாதிக்கப்பட்டவர்' என்பதில் அடக்கம். அக்கா மகள் எங்களிடம்தான் வளர்கிறாள். அம்மா, பாப்பா இருவர் பெயரிலும் போட்டோம்.

நீதிமன்ற ஆவணங்களின் நகல் கேட்டு மனு போடும்போது தீர்ப்பை மட்டும் கேட்காதீர்கள். சாட்சியம், குறுக்கு விசாரணை, சான்றாவணம் எல்லாவற்றையும் கேளுங்கள். எங்கள் வழக்கு நிற்பதே அதனால்தான். 'தூக்கில் தொங்கியிருக்க வாய்ப்பு உண்டு என்று மருத்துவரே ஒப்புக்கொண்டுள்ளார்' என்று தீர்ப்பில் ஒரு வரி. மூன்று நாள் ராத்திரி உட்கார்ந்து மருத்துவரின் சாட்சியத்தைப் படித்தேன். குறுக்கு விசாரணையில் அப்படி ஒரு பதில் இருந்தது உண்மை. ஆனால் அதற்கு முன்பே, கழுத்தைச் சுற்றி முழுதாக, கிடைமட்டமாக, குரல்வளைக்குக் கீழே தடம் இருந்தது என்றும் சொல்லியிருக்கிறார். தூக்கில் தொங்கினால் தடம் பொதுவாகச் சாய்ந்து, காதுப் பக்கம் மேலேறி, முழு வட்டமாக இல்லாமல் இருக்கும். பிரேதப் பரிசோதனை அறிக்கையிலும் அதே தடம். தீர்ப்பில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்தப் பக்கத்தைச் சிவப்பு மையால் கோடிட்டு வழக்கறிஞரிடம் கொடுத்தபோது என் கை நடுங்கியது.

"தீர்ப்பு பிடிக்கலைங்கிறது காரணம் ஆகாது" என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தார். விடுதலை ஆனவர் நிரபராதி என்ற எண்ணம் இன்னும் பலப்படுமாம். இரண்டு விதமாகவும் பார்க்க முடியும் என்றால் மேல் நீதிமன்றம் கைவைக்காது. கீழ்க்கோர்ட் எந்த ஆதாரத்தைப் பார்க்காமல் விட்டது என்று பக்க எண்ணோடு காட்ட வேண்டும். அந்தத் தடத்தோடு, அன்று இரவு பூட்டிய வீட்டுக்குள் இருந்தது அக்காவும் அவள் கணவரும்தான் என்பதையும் வைத்தோம். உள்ளே நடந்ததை விளக்கவேண்டிய பொறுப்பு அவருக்கு உண்டு. பழைய சாட்சியச் சட்டம் 106-வது பிரிவு அது.

மனு ஒருமுறை குறை சொல்லித் திரும்பி வந்தது. சரிசெய்து கொடுத்த பிறகு வழக்கு நம்பர் கிடைத்தது, விசாரணைக்கும் ஏற்றார்கள். அக்கா கணவருக்கு அனுப்பிய நோட்டீஸ் முதல் தடவை வீடு பூட்டியிருக்கிறது என்று திரும்பியது. இரண்டாம் தடவை வாங்கினார். பணம் இல்லாதவர்கள் தயங்க வேண்டாம். பெண்கள் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி கேட்கலாம், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலேயே அதற்குக் குழு இருக்கிறது.

இறுதி விசாரணை இன்னும் வரவில்லை. தினமும் சாயங்காலம் மறுநாள் வழக்குப் பட்டியலைப் போனில் பார்க்கிறேன். அம்மா அடுப்படியில் இருந்தபடியே கேட்பாள்: "நம்ம நம்பர் வந்திருக்கா?"