தண்டனைப் பத்தியில் நான் விட்ட ஒரு வரி

ரிசல்ட் வந்து ஐந்து நாள் ஆகிறது. சிவில் நீதிபதி தேர்வுப் பட்டியலில் என் எண் இருக்கிறது; இன்னும் தினம் ஒரு தடவை திறந்து பார்த்துக்கொள்கிறேன். இந்தத் தேர்வுக்குப் படிக்கிற உங்களுக்குப் பாடத்திட்டம், கட்-ஆஃப் எல்லாம் தெரியும். குற்றவியல் தீர்ப்பு எழுதும் தாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

போன முறை நான்கு மதிப்பெண்ணில் போனது. இரவில் வீடு புகுந்து திருடிய வழக்கு. குற்றச்சாட்டு வனைந்து, சாட்சியத்தை அலசி, இந்திய தண்டனைச் சட்டம் 457-க்கு (இரவில் வீடு புகுதல்) இரண்டு வருடம், 380-க்கு (வீட்டில் திருட்டு) ஒரு வருடம் என்று எழுதிப் பேனாவை மூடினேன். பத்து நிமிடம் மிச்சம் வேறு. 'தண்டனைகளை ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்', அதாவது இரண்டும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும் என்ற வரியை விட்டது பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது. அப்போது சி.ஆர்.பி.சி. (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 31. நீதிமன்றம் வாய் திறக்காவிட்டால் ஒன்று முடிந்துதான் அடுத்தது. நான் நினைத்தது இரண்டு வருடம், தாளில் கொடுத்தது மூன்று. மதிப்பெண் அதில்தான் போனது என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அதில்தான் போனது.

ஏககாலமா, ஒன்றன்பின் ஒன்றா என்று முடிவு செய்வது போலீஸோ அரசு வழக்கறிஞரோ சிறைக் கண்காணிப்பாளரோ அல்ல, தண்டனை விதிக்கும் நீதிமன்றம். அதாவது அந்த மூன்று மணி நேரத்துக்கு நீங்கள்.

2024 ஜூலை 1 முதல், சி.ஆர்.பி.சி.க்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் பிரிவு 25. சொல்லாமல் விட்டால் தானாக ஒன்றன்பின் ஒன்று என்ற பழைய ஏற்பாடு அதில் இல்லை. குற்றங்களின் தீவிரத்தைப் பார்த்து, எப்படி என்று நீதிமன்றம் உத்தரவிட்டே ஆக வேண்டும். எனவே வரியோடு காரணமும் எழுதுங்கள்: ஒரே சம்பவம், ஒரே இரவு, ஆகவே ஏககாலம். அரை வரி போதும்.

மற்றவை:

- ஏற்கெனவே சிறையில் தண்டனை அனுபவிப்பவருக்குப் புது வழக்கில் தண்டனை என்றால் 25 அல்ல, 467. இங்கே பழைய விதி அப்படியே இருக்கிறது: வேறு உத்தரவு இல்லையென்றால் முந்தையது முடிந்த பிறகே தொடங்கும். ஆயுள் கைதியென்றால் ஏககாலம்தான். இரண்டு பிரிவையும் குழப்பாதீர்கள்.
- ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்தால் மொத்த உச்சவரம்பு முன்பு 14 வருடம், இப்போது 20. தவிர, அந்த நீதிமன்றம் ஒரு குற்றத்துக்குக் கொடுக்கக்கூடியதில் இரு மடங்கைத் தாண்டக்கூடாது. முதல் வகுப்பு நடுவர் 3 வருடம்தான் கொடுக்கலாம், ஆக 6.
- அபராதம் கட்டத் தவறினால் அனுபவிக்கும் சிறை ஏககாலத்தில் சேராது (சரத் ஹிரு கொலாம்பே வழக்கு, உச்ச நீதிமன்றம், 2018).
- இரண்டு ஆயுள் தண்டனைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடாது; வருடக் கணக்குத் தண்டனையை முதலில் முடித்துவிட்டு ஆயுளைத் தொடங்கச் சொல்லலாம். முத்துராமலிங்கம் வழக்கு, 2016, உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு. நம் ஊர் வழக்கு, மறந்தால் அசிங்கம்.

குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தீர்ப்புகளைப் பின்பக்கத்திலிருந்து படித்தேன். தண்டனைப் பத்தி முதலில், வழக்கின் கதை நேரமிருந்தால்.

வைவாவில், அதாவது நேர்முகத் தேர்வில், ஒரே கேள்விதான் நினைவிருக்கிறது. "புதுச் சட்டத்தில் வந்த தண்டனை வாரண்டில் இதைப் பற்றி ஒன்றுமே இல்லை. சிறைக் கண்காணிப்பாளர் என்ன செய்வார்?" அவராகக் கூட்டவோ குறைக்கவோ முடியாது, அனுப்பிய நீதிமன்றத்திடமே விளக்கம் கேட்க வேண்டும் என்றேன். "அந்த நீதிமன்றம் நீங்கள்தான் என்றால்?" என்றார் கேள்வி கேட்டவர். சிரித்துவிட்டேன். போன முறை எழுதிய தாள் கண்முன் வந்துபோனது.