அலி என்று அழைக்கப்பட்டவர்

பிப்ரவரி 3

ஜெர்மன் இயக்குநர் ரெய்னர் வெர்னர் ஃபாஸ்பிண்டர் 1974இல் வெளியிட்ட 'அச்சம் ஆன்மாவைத் தின்னும்' படத்தை நேற்றிரவு மீண்டும் பார்த்தேன். ஜெர்மன் மூலத் தலைப்பில் வினைச்சொல் எழுவாயோடு பொருந்தாமல் நிற்கிறது. வேலையிடத்திலும் மதுக்கூடத்திலும் காதால் கேட்டே மொழியைக் கற்ற ஒருவரின் வாக்கியம் அது. அந்தப் பிழையைத் திருத்தாமல் தலைப்பாக்கியதே கதைநாயகன் அலியின் பேச்சுக்கு இயக்குநர் செய்த முதல் மரியாதை என்று கருதுகிறேன்.

மியூனிக்கில் துப்புரவு வேலை செய்யும் வயதான கைம்பெண் எம்மியும், அவரைவிட மிகவும் இளையவரான மொராக்கோத் தொழிலாளி அலியும் மணந்துகொள்கிறார்கள். 1972 ஒலிம்பிக்கின்போது இஸ்ரேலிய வீரர்கள்மீது பாலஸ்தீன ஆயுதக்குழு அங்கே நடத்திய தாக்குதலுக்குப் பின் அரேபியர்களை ஐயத்தோடு பார்த்த நகரம் அது. படம் எடுக்கப்பட்ட 1973இன் நவம்பரில்தான் மேற்கு ஜெர்மனி வெளிநாட்டுத் தொழிலாளர்களைத் தருவிப்பதை நிறுத்தியது. அப்போது அங்கே அவர்கள் ஏறத்தாழ 26 லட்சம் பேர் இருந்தார்கள்.

பிப்ரவரி 5

இரண்டு நாட்களாக ஒரு காட்சி மனத்தை விட்டு அகலவில்லை. முன்பு எம்மியை ஒதுக்கிய சக பணிப்பெண்கள் அவர் வீட்டுக்கு வருகிறார்கள். எம்மி பெருமிதத்தோடு கணவரை அழைத்து நிறுத்த, அவர்கள் அலியைச் சுற்றி வந்து, கைத்தசைகளைத் தொட்டுப் பார்த்து, இவ்வளவு சுத்தமாக இருக்கிறாரே என்று வியக்கிறார்கள். அலி ஒன்றும் பேசாமல் வெளியேறுகிறார். வெறுத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள், ஏற்றுக்கொண்டபோது சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். அந்தச் சந்தையை விரித்தவர் அவரை உண்மையாகவே நேசிக்கும் மனைவி. இதே எம்மி, அலி தம் ஊர் உணவான கூஸ்கூஸ் கேட்டபோது, ஜெர்மனியில் இருப்பதற்குப் பழகிக்கொள்ள வேண்டும் என்று மறுத்தவர். அயலாரைத் திரையில் காட்டுவது வேறு, அவரைக் காட்சிப்பொருளாக்குவது வேறு என்பதை இவ்வளவு வலியோடு உணர்த்திய படம் எனக்குத் தெரிந்து அதிகமில்லை.

பிப்ரவரி 6

படிக்கட்டுக் காட்சியை மட்டும் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். எம்மி தனியே உட்கார்ந்து மதிய உணவு உண்ட அதே இடத்தில், பின்னர் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த புதிய பணிப்பெண் யோலாண்டா உட்கார்ந்திருக்கிறார். கைப்பிடிக் கம்பிகளுக்குப் பின்னால் அவர் முகம் தெரிகிறது. மற்றவர்களோடு சேர்ந்து அவரை ஒதுக்குபவர்களில் இப்போது எம்மியும் ஒருவர்.

பிப்ரவரி 9

எனக்கு ஒரு குறையும் உண்டு. எம்மியின் பிள்ளைகள், முதல் கணவர், நாஜிக் கட்சியில் இருந்த காலம் என்று அவர் வாழ்க்கை விரிகிறது. அலி விட்டுவந்த ஊரும் உறவும் சில வாக்கியங்களில் முடிந்துவிடுகின்றன. இறுதியில் அவர் வயிற்றுப் புண்ணால் சுருண்டு விழும்போது, வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு இது அடிக்கடி வரும் நோய், ஆறு மாதத்தில் திரும்பவும் வருவார் என்கிறார் மருத்துவர். அலி தம் வாயால் சொல்லாததை அந்த உடல் சொல்லவேண்டியிருக்கிறது.

அலி என்பதும் அவர் பெயரன்று. எல்லோரும் அப்படி அழைத்தார்கள், அவ்வளவுதான். பாத்திரத்தின் முழுப்பெயரே நடிகரின் முழுப்பெயரும். அந்த நடிகர் 1977இல் பிரான்சில் ஒரு சிறையில் இறந்தார். ஃபாஸ்பிண்டர் தம் கடைசிப் படமான 'கெரெல்'லை 1982இல் அவருடனான நட்புக்குக் காணிக்கையாக்கினார். அங்கே பெயர் சுருக்கப்படவில்லை: எல் ஹெடி பென் சலேம் எம்பாரெக் முகமது முஸ்தபா.